பதிப்பெண்ணின் வாலைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அலுவலகச் சர்வரில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. வாரந்தோறும் அப்டேட் செய்கிறேன். ஆயினும், வெளியார் நடத்திய பாதுகாப்புச் சோதனையின் அறிக்கை, தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் 9.2 பதிப்பில் சிவிஇ-2024-6387 என்று பொதுப் பட்டியலில் எண்ணிடப்பட்ட பாதுகாப்புக் குறைபாடு இருப்பதாகவும், 9.8 பதிப்புக்கு மாற வேண்டும் என்றும் சொல்கிறது. மூல நிரலை இறக்கி நானே கம்பைல் செய்து நிறுவிவிடலாமா?

பதில்: அப்படிச் செய்ய வேண்டாம். உங்கள் சர்வரில் அந்த ஓட்டை பெரும்பாலும் முன்பே அடைக்கப்பட்டிருக்கும்.

குறைபாடு கடுமையானது என்பதில் ஐயமில்லை. 2006-இல் அடைக்கப்பட்ட ஓர் ஓட்டை 8.5 பதிப்பில் மீண்டும் திறந்துகொண்டதை, குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2024 ஜூலை 1 அன்று வெளியிட்டனர். இணைந்தவர் 120 நொடிகளுக்குள் உள்நுழையாவிட்டால் சர்வர் இணைப்பைத் துண்டிக்கும். அப்படித் துண்டிக்கும் நேரத்தில் ஓடும் நிரல்பகுதி பாதுகாப்பற்ற செயற்கூறுகளை அழைப்பதால், சரியான கணத்தைப் பிடிப்பவருக்குக் கடவுச்சொல் இல்லாமலே ரூட் அதிகாரம், அதாவது சர்வரின் முழுக் கட்டுப்பாடு, கிடைக்கக்கூடும். 32-பிட் கணினியில் சராசரியாக ஏறத்தாழ 10,000 முயற்சிகளில் இது கைகூடியதாக அவர்கள் காட்டினர்.

ஓப்பன்எஸ்எஸ்ஹெச் குழு இதை 9.8 பதிப்பில் சரிசெய்தது. டெபியனின் பாதுகாப்புக் குழுவோ, அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய 9.2-இலேயே பொருத்தி, அதே நாளில் வெளியிட்டது. நிலையான வெளியீட்டில் இதுவே அவர்கள் வழக்கம். புதிய பதிப்பு திருத்தத்தோடு வேறு மாற்றங்களையும் கொண்டுவரும், 9.8-இல் டிஎஸ்ஏ என்ற பழைய வகை உள்நுழைவுச் சாவிகளுக்கான ஆதரவு இயல்பாகவே நீக்கப்பட்டது ஓர் எடுத்துக்காட்டு. பாதுகாப்புக்காக அப்டேட் செய்தவரின் பழைய கருவி ஒன்று மறுநாள் இணைய மறுத்தால், அவர் அடுத்த அப்டேட்டைத் தள்ளிப்போடுவார் என்பதே என் அச்சம்.

ஆகவே பதிப்பெண்ணின் முன்பாதியை விட்டு அதன் வாலைப் பாருங்கள். நிறுவிய தொகுப்புகளின் பதிப்பைக் காட்டும் டிபிகேஜி கட்டளை '9.2பி1-2+டெப்12யூ3' என்றோ, 'யூ'-வுக்குப் பின் அதைவிடப் பெரிய எண்ணையோ காட்டினால் திருத்தம் வந்துவிட்டது. சோதனைக் கருவி '9.2' என்ற முன்பாதியை மட்டும் பார்த்துவிட்டு எச்சரித்திருக்கும். சோதித்தவர்களுக்குச் சான்று தேவையென்றால், அந்தத் தொகுப்பின் மாற்றக் குறிப்பேடான சேஞ்ச்லாக்கில் இந்தச் சிவிஇ எண் குறிக்கப்பட்டுள்ள பகுதியையும், டெபியனின் டிஎஸ்ஏ-5724 என்ற பாதுகாப்பு அறிவிப்பையும் (இந்த டிஎஸ்ஏ மேலே சொன்ன சாவி வகை அல்ல) அனுப்புங்கள்.

நீங்களே கம்பைல் செய்த நகலை, டெபியனில் மென்பொருளை அப்டேட் செய்யும் கருவியான ஆப்ட் அறியாது. அடுத்த குறைபாடு வெளிவரும் நாளில் அதற்கான திருத்தம் உங்களைத் தேடி வராது. ஒவ்வோர் அறிவிப்பையும் நீங்களே கவனித்து, நீங்களே மீண்டும் கம்பைல் செய்ய வேண்டியிருக்கும்.

பதிப்பெண்ணின் வால் 'யூ3'-ஐவிடப் பழையதாக இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். ஆப்ட்டின் மூலப் பட்டியலில் 'புக்வேர்ம்-செக்யூரிட்டி' வரி ('புக்வேர்ம்' என்பது டெபியன் 12-இன் பெயர்) விடுபட்டிருப்பது அதற்குப் பொதுவான காரணம். சேர்த்துவிட்டு மீண்டும் அப்டேட் செய்யுங்கள். எஸ்எஸ்ஹெச் சேவையை அப்டேட்டே மறுதொடக்கம் செய்துவிடும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற, பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகங்கள் திருத்தப்பட்டால், அவற்றைப் பயன்படுத்தும் சேவைகள் மறுதொடக்கம் வரை நினைவகத்திலுள்ள பழைய நகலையே பயன்படுத்தும். 'நீட்ரீஸ்டார்ட்' கருவி அவற்றைக் காட்டித்தரும். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் திருத்தத்துக்குச் சர்வரையே ரீபூட் செய்தாக வேண்டும்.

இன்னொன்று: வாரத்துக்கு ஒருமுறை என்பது இத்தகைய ஓட்டைகளுக்கு நீண்ட இடைவெளி. 'அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ்' தொகுப்பை நிறுவி, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமாவது நாள்தோறும் தாமாக வரும்படி அமைத்துவிடுங்கள்.