கருவிழியை ஏன் படம் எடுக்கச் சொல்கிறார்கள்?

கேள்வி: டாக்டர், என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், 17 வயது. ஒரே வருடத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றிவிட்டோம், ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் பவர்தான் ஏறுகிறது. கண்ணாடி போட்டும் போர்டில் எழுத்துக்கு நிழல் விழுந்த மாதிரி தெரிகிறதாம். இப்போது கருவிழிக்கு டோபோகிராபி எடுக்கச் சொல்கிறார்கள். பவர்தான் பார்த்தாயிற்றே, இது எதற்கு? கதிர்வீச்சு ஏதாவது உண்டா?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள் அம்மா. பவர் டெஸ்ட் எந்தக் கண்ணாடி போட வேண்டும் என்பதைத்தான் சொல்லும், பவர் ஏன் ஏறுகிறது என்று சொல்லாது. கண்ணுக்கு முன்னால் வாட்ச் கண்ணாடி மாதிரி மூடியிருக்கிற தெளிந்த படலம்தான் கருவிழி (பெயரில்தான் கருப்பு, அதற்கு நிறமே கிடையாது). வெளிச்சத்தைக் குவிக்கிற வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதன் வளைவைப் பொறுத்தது. வளைவு கோணினால் பார்வையும் கோணும், அதைச் சரிக்கட்டத்தான் சிலிண்டர் பவர். அந்த வளைவை மேடு பள்ளத்தோடு வரைபடமாக எடுப்பதுதான் டோபோகிராபி.

எக்ஸ்ரேயும் இல்லை, ஊசியும் இல்லை, வெறும் வெளிச்சம்தான். தாடையைத் தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டால், எதிரே வட்டத்துக்குள் வட்டமாக விளக்கு தெரியும். நன்றாக ஒருமுறை இமைத்துவிட்டு, கண்ணை விரித்து நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். சில நொடிதான். 1880இல் போர்ச்சுகல் மருத்துவர் அந்தோனியோ பிளாசிடோ கறுப்பு வெள்ளை வளையம் போட்ட தட்டை வைத்துப் பார்த்த அதே வழிதான், இப்போது கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் அளக்கிறது. கருவிழி சீராக இருந்தால் குளத்தில் கல் போட்ட மாதிரி வளையங்கள் ஒழுங்காக விழும், எங்காவது புடைத்திருந்தால் அந்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். படத்தில் செங்குத்தான இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம். சிவப்பைப் பார்த்து ரத்தக்கட்டு என்று பயந்துவிடாதீர்கள். பொதுவாக 43, 44 டயாப்டர் (வெளிச்சத்தைக் குவிக்கும் திறனின் அளவு) இருக்கும் வளைவு, கீழ்ப்பாதியில் மட்டும் நன்றாக ஏறியிருந்தால் கெரட்டோகோனஸ் என்று சந்தேகப்படுவோம், அதாவது கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வருவது, பெரும்பாலும் இந்த வயதில்தான் தொடங்கும். சில கருவிகள் பின்பக்க வளைவையும் தடிமனையும் சேர்த்தே சொல்லும். நடுவில் சராசரி தடிமன் 540 மைக்ரான், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்!

இன்று ராத்திரி அவன் புத்தகத்தை மூடிவைத்ததும் விரல் முட்டியால் கண்ணை அழுத்திக் கசக்குகிறானா என்று கவனியுங்கள். அலர்ஜி அரிப்பில் கசக்கிக் கசக்கியே இது மோசமாவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அரித்தால் ஈரத்துணியை ஒற்றச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடவே கூடாது. நோய் ஏறிக்கொண்டே போனால், ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டும் புற ஊதா வெளிச்சமும் கொடுத்துக் கருவிழியை இறுக்குகிற கிராஸ் லிங்க்கிங் சிகிச்சை இருக்கிறது. அது மேலும் ஏறாமல் நிறுத்தத்தான் பார்க்கும், கண்ணாடியைக் கழற்ற வைக்காது. வழக்கமான முறைக்கு 400 மைக்ரானாவது தடிமன் வேண்டும், அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். புதுச்சேரி பஸ் ஏறினால் வழியில் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. முதல் படத்தின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். சில மாதம் கழித்து அதே கருவியில் எடுத்து ஒப்பிட்டால்தான் ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரியும்.

கேள்வி: கண்ணாடி இல்லாமல் இருக்க லேசிக் லேசர் சிகிச்சை செய்துகொள்ள ஆசை. தினமும் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். ஒரு வாரம் லென்ஸ் இல்லாமல் இருந்துவிட்டு கருவிழி ஸ்கேனுக்கு வா என்கிறார்கள். அவசியமா?
- ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அவசியம். லென்ஸ் அழுத்தத்தில் கருவிழியின் வடிவம் மாறியிருக்கும், அந்தத் தடத்தோடு எடுத்தால் படம் பொய் சொல்லும். கெட்டி லென்ஸ் என்றால் இன்னும் அதிக நாள் வேண்டும். லேசிக்கில் கருவிழியைச் செதுக்கி மெலிதாக்குகிறார்கள். உள்ளே கெரட்டோகோனஸ் ஒளிந்திருந்தால் அதற்கப்புறம் கருவிழி புடைக்கத் தொடங்கிவிடும். படம் பார்த்து டாக்டர் வேண்டாம் என்று சொன்னால், 'சரி' என்று சொல்லுபவர் கிடைக்கும்வரை இடம் மாறி மாறி அலையாதீர்கள்.