சில்லறைக்கு ஏன் 'சேஞ்ச்' என்று பெயர்?

கேள்வி: ஆங்கிலத்தில் 'சேஞ்ச்' என்றால் மாற்றம் என்று பள்ளியில் படித்தோம். பேருந்திலோ சில்லறையைத்தான் 'சேஞ்ச்' என்கிறார்கள். ஒரே சொல் இரண்டுக்கும் எப்படி வந்தது? அதனுடன் 'ஆஃப்' சேர்ப்பது எப்போது, 'இன்' சேர்ப்பது எப்போது?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்.

பதில்: இச்சொல்லின் வேர் பண்டமாற்றில் இருக்கிறது. ஒன்றைக் கொடுத்து அதற்கு ஈடாக இன்னொன்றைப் பெறுவதைக் குறித்த 'காம்பியாரே' என்னும் பிற்கால லத்தீன் வினைச்சொல், பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பெரிய நாணயத்தைக் கொடுத்துப் பெறும் சிறு காசுகளும் இப்பெயரைப் பெற்றது அதனால்தான்; நாமும் 'இந்த நோட்டை மாற்றித் தாருங்கள்' என்றுதானே கேட்கிறோம். 1571இல் முதலாம் எலிசபெத் அரசி திறந்துவைத்த லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்னும் வணிக மையத்தையும் வணிகர்கள் சுருக்கமாக 'சேஞ்ச்' என்றே வழங்கினர்.

தமிழில் சில்லறை வேறு, மீதி வேறு. நூறு ரூபாயைப் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றினால் அது சில்லறை; 23 ரூபாய்ப் பயணச்சீட்டுக்கு 50 ரூபாய் கொடுக்கும்போது, நடத்துநர் சீட்டின் பின்புறம் '27' என்று கிறுக்கித் தருகிறாரே, அது மீதி. ஆங்கிலம் இரண்டையும் 'சேஞ்ச்' என்றே சொல்வதால், 'கீப் த சேஞ்ச்' என்பதற்கு 'மீதியை வைத்துக்கொள்ளுங்கள்' என்பதே சரியான தமிழ். காசைக் குறிக்கும்போது இச்சொல்லுக்குப் பன்மை இல்லை.

உங்கள் இரண்டாவது ஐயம் மிக முக்கியமானது; ஏனெனில், தமிழில் இரண்டுமே 'மாற்றம்' ஆகிவிடுவதால் நன்கு படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். பழையது முற்றிலும் போய் அதன் இடத்துக்குப் புதியது வந்தால் பெரும்பாலும் 'ஆஃப்' வரும். 1967இல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி போய் தி.மு.க. ஆட்சி வந்தது 'சேஞ்ச் ஆஃப் கவர்ன்மென்ட்'. அதே ஆட்சி நீடிக்க, அமைச்சர்கள் சிலரின் இலாகாக்கள் மட்டும் மாறினால் 'சேஞ்ச் இன் த கேபினட்' என்க. விலை, எடை, வெப்பநிலை ஆகியவை கூடுவதும் குறைவதும் பொருள் அப்படியே இருக்க அளவு மட்டும் வேறுபடுவதால், அங்கும் 'இன்' தான்.

விழுப்புரத்தில் இறங்கி வேறு ரயில் பிடிப்பவர், 'சேஞ்ச் ட்ரெயின்ஸ்' என்று பன்மையில் சொல்ல வேண்டும். விடும் வண்டி, ஏறும் வண்டி என இரண்டும் அதில் அடங்கும். ஒரு வீடு விற்கப்பட்டு வேறொருவர் கைக்குப் போவதை 'சேஞ்ச் ஹேண்ட்ஸ்' என்பதும் அவ்வாறே. உடை மாற்றுவதைச் சொல்ல மட்டும் 'ஐ நீட் டு சேஞ்ச்' என்றாலே போதும். 'டிரெஸ்' என்று சேர்க்கத் தேவையில்லை.