நான்கு பேர், ஒரு டெம்போ டிராவலர் வேன்: படுக்கை, அடுப்பு, ஏ.சி. வைத்துக் கோவையிலிருந்து ராமேஸ்வரம், மணப்பாடு கடற்கரை ஓரமாக ஒரு வாரம் கேரவன் பயணம் சரிப்படுமா?

தாராளமாகச் சரிப்படுமுங்க. கேள்வியில் படுக்கை, அடுப்பு, ஏ.சி. மூன்றும் இருக்கின்றன. ஏ.சி.யை மட்டும் எடுத்துவிடுங்கள்.

காரணம் எளிய கணக்கு. 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-ஹவர் இருக்கும். ஒரு டன் ஏ.சி. அதை ஒன்றேகால் மணி நேரத்தில் குடித்துவிடும். அதே பேட்டரியில் 25 வாட் ஃபேன்கள் இரண்டு, பத்து மணி நேரம் ஓடினாலும் 500 வாட்-ஹவர்தான் செலவு. கரூரில் பாடி கட்டக் கொடுக்கும்போதே கூரைக்கு அடியில் ஓர் அங்குல ஃபோம், கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன், எதிரெதிர் ஜன்னல்களில் கொசுவலை கேளுங்கள். கடலோரத்தில் தூக்கத்தைக் கெடுப்பது சூடு மட்டுமல்ல, பிசுபிசுப்பும்தான். காற்று ஓடினால் பாதித் தொல்லை போய்விடும்.

ஃபிரிட்ஜும் வேண்டியதில்லை, நல்ல ஐஸ் பெட்டி போதும். மண்டபம், ராமேஸ்வரம், தூத்துக்குடி என மீன் இறங்கும் ஊர்களில் ஐஸ் கட்டி கிடைக்கும். ஆனால் அது மீனுக்கான ஐஸ், ஜூஸில் போட்டுவிடாதீர்கள்.

இருக்கையைக் கழற்றிப் படுக்கை போடுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் இழுபறிதான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கும் ஓட்டை அவசியம். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம்.

தண்ணீரில்தான் நம்ம ஊர்க்காரர்கள் ஏமாறுவார்கள். சிறுவாணி குடித்த நாக்குக்கு ராமநாதபுரம் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். ஆளுக்கு 15 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு ஒரு நாளுக்கு 60. நூறு லிட்டர் டேங்க் இரண்டு நாள்கூட வராது. மதுரையிலேயே நிரப்பிக்கொண்டு, குடிக்கக் கேன் தனியாக வாங்குங்கள். டேங்கைப் பின்பக்கம் தொங்கவிடாமல் இரு அச்சுகளுக்கு நடுவில் வையுங்கள். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நமக்குத் தெரியும். அந்தப் பருவத்தில் தென்கரையில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மணலை வாரி அடுப்பிலேயே கொட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, மீன் வரத்துக் குறையும்.

தனுஷ்கோடியில் இரவு தங்க நினைக்காதீர்கள், மாலையில் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ராமேஸ்வரத்தில் ஏதாவது லாட்ஜ் வளாகத்தில் கேட்டு நிறுத்துங்கள். கழிப்பறை வசதியும் ஆகிவிடும். அங்கே அமைதியான பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், அலையடிக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்பார்கள். வாடை அடிக்கும் மாதங்களில் இந்தக் குணம் மாறிவிடும், பெயரை நம்பிக் குளிக்க இறங்காதீர்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் எந்த மாதத்திலும் இறங்க வேண்டாம்.

பிறகு கீழக்கரை, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு எனக் கிழக்குக் கடற்கரைச் சாலையே போதும். குலசேகரன்பட்டினம் தசரா, திருச்செந்தூர் கந்த சஷ்டி நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் வேனைத் திருப்பாதீர்கள். ராமநாதபுரத்தில் நிழலுக்காகச் சீமைக்கருவேல மரத்தடியில் ஒதுக்கினால் முள் டயரில் ஏறும். பஞ்சர் கிட், 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப் இரண்டும் கையில் இருக்கட்டும்.

தார் ரோட்டை விட்டு மணலில் இறங்கவே கூடாது. தப்பித்தவறிச் சிக்கினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் தோண்டிக்கொண்டே போய், பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் மணலில் உட்கார்ந்துவிடும். எல்லோரையும் இறக்கி, டயர் காற்றைப் பாதியாக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி அகற்றிச் சாக்கு விரித்து, முதல் கியரில் மெதுவாக எடுங்கள். ஜாக்கி போடுவதானால் அடியில் ஓரடிச் சதுரப் பலகை வேண்டும், இல்லையென்றால் வேன் உயராது, ஜாக்கிதான் இறங்கும். வெளியே வந்ததும் காற்றை மறுபடி நிரப்பாமல் வேகம் பிடித்தால் டயர் சூடேறி வெடிக்கும்.

உப்புக் காற்று அரிக்காமலிருக்க, பேட்டரி முனைகளில் கிளம்பும்போதே வாசலின் தடவுங்கள். திரும்பிய அன்றே சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டு, சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை, பிரேக் பக்கமெல்லாம் நல்ல தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவ வேண்டாம்.