பிரிக்ஸ் இருக்க ஐ.எம்.எஃப். எதற்கு?

கேள்வி: பிரிக்ஸ் வங்கிக்கு ஜோகன்னஸ்பர்க்கிலேயே அலுவலகம் இருக்கிறது. இனி நாம் ஐ.எம்.எஃப். என்ற பன்னாட்டு நிதியத்தின் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: பாதி உண்மை. 2014-இல் பிரேசிலின் ஃபோர்டலேசாவில் கையெழுத்தானவை இரண்டு ஏற்பாடுகள். ஒன்று புதிய வளர்ச்சி வங்கி, அதாவது நீங்கள் சொல்லும் பிரிக்ஸ் வங்கி. மின்சாரம், சாலை, தண்ணீர்த் திட்டங்களுக்குக் கடன் தருவது. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து பிரிக்ஸ் நாடுகளும் தலைக்கு 10 பில்லியன் டாலர் மூலதனம் ஒப்புக்கொண்டு, சம வாக்குடன் தொடங்கின. ஐ.எம்.எஃப்.பில் அப்படியில்லை. அங்கே பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் சுமார் 16.5 இருப்பதால் அது தலையாட்டாமல் எதுவும் நகராது.

மற்றது 100 பில்லியன் டாலர் அவசரக் கையிருப்பு ஏற்பாடு. அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வரும்போது ஐ.எம்.எஃப். செய்யும் வேலைக்கு மாற்றாகச் சொல்லப்படுவது இதுதான். பணம் ஒரே இடத்தில் குவித்து வைக்கப்படவில்லை. அந்தந்த நாட்டு மத்திய வங்கியிலேயே இருக்கிறது, கேட்டால் தருவோம் என்ற வாக்குறுதி மட்டுமே. சீனா 41, பிரேசில், இந்தியா, ரஷ்யா தலா 18, தென்னாப்பிரிக்கா 5 பில்லியன். நாம் 10 பில்லியன் வரை கேட்கலாம். ஆனால் 2014 ஒப்பந்தப்படி அதில் 30 விழுக்காடு, அதாவது 3 பில்லியன்தான் நேரடியாகக் கிடைக்கும். மீதி 7 பில்லியனுக்கு ஐ.எம்.எஃப்.புடன் உடன்பாடு இருக்க வேண்டும்! மாற்று வழியின் பூட்டுக்கும் சாவி பழைய இடத்தில்தான்.

2020-ஐப் பாருங்கள். கொரோனாவுக்காக பிரிக்ஸ் வங்கி நமக்கு 1 பில்லியன் டாலர் ஒப்புதல் தந்தது ஜூனில். அடுத்த மாதமே ஐ.எம்.எஃப்.பிடம் 4.3 பில்லியன் வாங்கினோம். இரண்டு பக்கமும் கை நீட்டியது தவறில்லை, கெட்டிக்காரத்தனம்தான்.

கேள்வி: அப்படியானால் டாலரை விட்டுவிடலாமா?
– வாசகி, பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: அவ்வளவு சுலபமில்லை. பிரிக்ஸ் வங்கியும் கடன் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதியைக் கடன் பத்திரச் சந்தையில்தான் திரட்டுகிறது. கடனைத் திருப்பித் தரும் திறனுக்கான தரமதிப்பீடு இறங்கினால் அதற்கே வட்டி ஏறும். 2022 மார்ச்சில், தன்னை நிறுவிய நாடுகளில் ஒன்றான ரஷ்யாவிலேயே புதிய பரிவர்த்தனைகளை அது நிறுத்திவைத்தது.

நமக்கு உண்மையில் பயன்படுவது நம் நாணயமான ராண்டில் கடன். நம் அரசு மின்நிறுவனமான எஸ்காமுக்கு 2016-இல் ஒப்புதலான முதல் கடன் 180 மில்லியன் டாலர். டாலர் 15 ராண்டாக இருந்தால் அது 2.7 பில்லியன் ராண்ட். 18 ஆனால் 3.24 பில்லியன். மின்கட்டணம் ராண்டில் வருகிறது, தவணை டாலரில் போகிறது. ராண்ட் சரிந்தால் வட்டி ஏறாமலே கடன் பெருகும். 2023 ஆகஸ்டில் வங்கி முதல்முறையாக இங்கே 1.5 பில்லியன் ராண்டுக்குப் பத்திரம் விற்றது. சிறிய தொகைதான், ஆனால் திசை சரி.

அடுத்த கடன் அறிவிப்பு வரும்போது தொகையைவிட முதலில் எந்த நாணயம் என்று பாருங்கள். பிறகு அரசு உத்தரவாதம் உண்டா என்று பாருங்கள். இருந்தால், எஸ்காம் கட்டாத தவணை நம் வரிப்பணத்தில்தான் போகும்.