முதல் ஆபரேஷன் என்றார்கள், நாலாவதாகத் தள்ளிவிட்டார்கள்!

கேள்வி: என் மாமனாருக்கு வலது பக்கம் ஹெர்னியா ஆபரேஷன். சர்க்கரையும் உண்டு. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காலையில் முதல் ஆள் என்று சொல்லிவிட்டு, மத்தியானம் வரை பட்டினி போட்டு நாலாவதாக எடுத்தார்கள். காசு கொடுத்தவர்களை முன்னால் விட்டிருப்பார்களோ? அடுத்த மாதம் இடது பக்கமும் செய்யணுமாம்.
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: அப்படி எங்கேயுமே நடக்காது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஒரு அவசர சிசேரியனோ, குடல்வால் வெடித்த கேஸோ வந்துவிட்டால் லிஸ்ட் அங்கேயே கலைந்துவிடும், கருவிகள் ஸ்டெரிலைஸ் ஆகி வராமலும், ஐசியுவில் படுக்கை காலியாகாமலும்கூட வரிசை மாறும். சின்னப் பிள்ளைகளையும் சர்க்கரை உள்ளவர்களையும் முதலில் எடுப்பதும், சீழ் பிடித்த கேஸைக் கடைசியில் வைப்பதும்தான் வழக்கம். அதனால் உங்கள் மாமனாரைப் பின்னால் தள்ளியதற்குக் காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தள்ளிப்போனதைவிட எனக்குப் பயம் வேறு. வரிசையை வாய்வார்த்தையாக மாற்றிவிட்டு வார்டில் பழைய தாள், தியேட்டரில் புதுத் தாள் என்று இருந்தால் ஆள் மாறும், பக்கம் மாறும். மாற்றினால் பழைய லிஸ்டைக் கிழித்துப் போட்டு, புதிதாக அச்சடித்து, சர்ஜன், மயக்க டாக்டர், வார்டு சிஸ்டர் எல்லோருக்கும் சொல்லணும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த செக்லிஸ்ட்டிலும் மயக்கம் கொடுக்கும் முன் ஒரு தடவை, கத்தி வைக்கும் முன் ஒரு தடவை பெயரையும் இடத்தையும் சரிபார்க்கச் சொல்கிறார்கள். உங்கள் மாமனார் பெயரிலேயே இன்னொருவர் அதே வார்டில் இருப்பது நம் ஊரில் அதிசயமா என்ன? யாராவது "முருகேசன்தானே?" என்று கேட்டால் தலையாட்டாமல், மாமனாரையே முழுப் பெயரும் எந்தப் பக்கம் என்பதும் சொல்லச் சொல்லுங்கள், ஏற்கெனவே ஒரு பக்கம் தழும்பு இருப்பதால் இடது பக்கத்தில் அவர் விழித்திருக்கும்போதே சர்ஜன் பேனாவால் குறி போடட்டும்.

அப்புறம் பட்டினி. கெட்டியான சாப்பாடு 6 மணி நேரம் முன்பே நிறுத்தணும், வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்வரை குடிக்கலாம். தள்ளிப்போகிறது என்று தெரிந்ததும் "தண்ணீர் கொடுக்கலாமா, சுகர் பார்த்தீர்களா, டிரிப்ஸ் போடணுமா?" என்று மயக்க டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் டாபாகிளிஃப்ளோசின் வகையாக இருந்தால் சுமார் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.