அண்ணாச்சி பதில்கள்: தரங்கம்பாடி கோயில் வாசல்ல ஒரு கிரீடம்

கேள்வி: அண்ணாச்சி, போன மாசம் எங்க சபையிலருந்து பஸ் புடிச்சு வேளாங்கண்ணி, தரங்கம்பாடி எல்லாம் போயிட்டு வந்தோம். தரங்கம்பாடி புது எருசலேம் கோயில் முகப்புல ஒரு கிரீடம், அதுக்குக் கீழ எஃப் மாதிரி எழுத்து, பக்கத்துல 4னு இருந்துச்சு. டென்மார்க் ராஜான்னாங்க. மிஷனெரிய அனுப்பின ஆளுன்னா ரொம்ப பக்தியான மனுசனா இருந்திருப்பாருல்ல?
— ஒரு வாசகி, பாறசாலை

பதில்: அந்த கேள்விய எங்கிட்ட கேட்டதுக்கு நன்றி தங்கச்சி, சபையில கேட்டிருந்தா வேற மாதிரி பதில் வந்திருக்கும்.

அது நாலாம் ஃபிரெடெரிக், 1699லருந்து 1730 வரைக்கும் டென்மார்க்-நார்வே ராஜா. சீகன்பால்கு, புளுட்சோன்னு ரெண்டு மிஷனெரிங்க 1706 ஜூலைல தரங்கம்பாடில வந்து எறங்குனது இவரு அனுப்பித்தான், ரெண்டு பேருமே ஜெர்மன்காரங்க. வேடிக்கை என்னன்னா ராஜா அனுப்புன சீகன்பால்குவையே அங்க இருந்த டென்மார்க் கிழக்கிந்தியக் கம்பெனி கவர்னர் புடிச்சு டான்ஸ்போர்க் கோட்டைக்குள்ள நாலு மாசம் அடைச்சு வச்சிருந்தான், மிஷன் வந்தா வியாபாரம் கெட்டுப்போகும்னு கம்பெனிக்கு பயம், ராஜாவோ கடலுக்கு அந்தப் பக்கம், லெட்டர் போய் பதில் வர்றதுக்குள்ள ரெண்டு மழை பெஞ்சு ஓஞ்சிரும்.

இப்ப வீட்டு விசயத்துக்கு வாறேன். 1695ல கல்யாணம் பண்ணுன ராணி லூயிஸ் உயிரோட இருக்கும்போதே 1703ல எலிசபெத்ங்கிற ஒரு பொண்ணைக் கட்டுனாரு, அவ அடுத்த வருசமே பிரசவத்துல போயிட்டா. சும்மா இருந்தாரா? 1711ல கோல்டிங் அரண்மனைல முகமூடி போட்டு ஆடுற விருந்துல ஆன்னா சோபி ரெவெண்ட்லோன்னு 18 வயசுப் பொண்ணைப் பார்த்தாரு, ராஜாவுக்கு அப்ப வயசு 40. பொண்ணோட அம்மா சம்மதிக்கல. அடுத்த வருசம் கிளௌசோல்ம்ங்கிற அவங்க வீட்டுலருந்தே அந்தப் பொண்ணைத் தூக்கிட்டுப் போயி கல்யாணம். நம்ம ஊருல இப்படின்னா ரெண்டு குடும்பமும் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கும், ஸ்டேஷனே அவருதுன்னா யாருகிட்ட போயி சொல்ல!

1721 மார்ச்சுல லூயிஸ் செத்துட்டாங்க. அடக்கம் முடிஞ்ச மறுநாளே, ஏப்ரல் 4ந்தேதி, ஆன்னா சோபியை ரெண்டாவது தடவையா ஊரறிய கல்யாணம் பண்ணி ராணின்னு அறிவிச்சாரு. பதினாறு வேண்டாம்டே, மூணாவது நாளு கூட பாக்கலையே! லூயிஸோட மகன் கிறிஸ்டியனும் மக சார்லெட் அமாலியாவும் இதை மறக்கவே இல்ல. ஆன்னா சோபிக்கு ஆறு பிள்ளைங்க பொறந்துச்சு, ஒண்ணு கூட நிலைக்கல. எனக்கு இந்தக் கதையில பாவம்னு தோணுறது ராஜா இல்ல, ரெண்டு பொம்பளைங்களும்தான்.

ஆனா மனுசன் வெறும் சோக்காளியும் இல்ல. குதிரைப்படைக்குன்னு ஒதுக்குன நிலங்கள்ல குடியானவன் பிள்ளைகளுக்கு 240 பள்ளிக்கூடம் கட்டுனாரு. 1715ல ராஜா ஸ்ட்ரால்சுண்ட்ங்கிற கோட்டை ஊரை முற்றுகை போட்டுட்டு பாளையத்துல இருந்தப்போ சீகன்பால்கு அவரைத் தேடிப்போயி பார்த்திருக்காரு. அதே வருசந்தான் தமிழ்ல புதிய ஏற்பாடு தரங்கம்பாடில அச்சாகி முடிஞ்சுது. உங்க பக்கம் வெளிய மலையாளம், வீட்டு ஜெபத்துக்கு தமிழ் பைபிள்னு இருப்பீங்களே, அந்த அச்சு வழி அங்கருந்துதான் தொடங்குது. நீங்க பார்த்த கோயில் 1718ல கட்டுனது, அதான் அவரோட எழுத்து முகப்புல இருக்கு.

கேள்வி: அவரு எப்பவாவது தரங்கம்பாடிக்கு வந்திருக்காரா?
— களியக்காவிளை வாசகர்

பதில்: வரல மக்கா. வெனிஸ் வரைக்கும் போயி சந்தோசமா இருந்துட்டு வந்தாரு, நம்ம வெயிலுக்கு வரல.

கேள்வி: கடைசில ஆன்னா சோபி என்னானாங்க?
— செறுவாரக்கோணம் வாசகி

பதில்: 1730 அக்டோபர் 12ல, 59 வயசு முடிஞ்ச மறுநாளு ஓடென்சே ஊருல ராஜா செத்தாரு. மகன் ஆறாம் கிறிஸ்டியனா வந்ததும் சித்தியை கிளௌசோல்முக்கே அனுப்பிட்டான், எந்த வீட்டுலருந்து தூக்கிட்டுப் போனாங்களோ அதே வீடு. 1743 வரைக்கும் அங்கயே இருந்து செத்தாங்க. ரோஸ்கில்ட் பேராலயத்துல ராஜாவும் லூயிஸும் ஒரு எடத்துல, ஆன்னா சோபி மட்டும் தனியா வேற ஒரு சேப்பல்ல.