புதிய விதி வந்தது தெரியாது என்றால் அபராதத்திலிருந்து தப்ப முடியுமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பேக்கரி நடத்தும் நண்பர் இப்படிக் கேட்டிருக்கிறார். தெரியாது என்று சொல்வது மட்டும் காப்பாற்றாது. ஆனால் வெளியிடாத சட்டத்தை வைத்துத் தண்டிக்கவும் முடியாது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அபினிச் சட்டம் முறையாக வெளியிடப்படவில்லை என்பதால், ஹர்லா வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

சிக்கல் இதற்கு அடுத்தபடியில் இருக்கிறது. அரசிதழில் வந்துவிட்டால் எல்லோருக்கும் தெரிந்ததாகவே சட்டம் கொள்கிறது. விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவர் அரசிதழை எப்போது புரட்டுவார்? இது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

நியாயமான அறிவிப்பு என்றால் அவகாசமும் சேர்ந்ததுதான். தமிழ்நாட்டின் பிளாஸ்டிக் தடை 2018 ஜூனில் அறிவிக்கப்பட்டு 2019 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. கடைப் பெயர் அச்சிட்ட கவரை யாரும் நூறு இருநூறாக வாங்குவதில்லை, மூட்டையாகத்தான் வாங்குகிறார்கள். அந்தச் சரக்கு தீரவும், காகிதப் பை தருபவரைத் தேடி விலை பேசவும் ஆறு மாதம் தேவைதான்.

வரைவு விதி வெளியாகும்போதே பேசிவிடுங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பல வரைவுகளுக்கு ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் தருகிறார்கள். கையிருப்பு எவ்வளவு, மாற்றுச் செலவு எவ்வளவு என்ற கணக்கோடு வணிகர் சங்கம் மூலம் எழுதினால் மனுவுக்கு எடை கூடும். புதுச்சேரிக்கும் சரக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அங்குள்ள அரசிதழ் தனி. இரண்டையும் கவனிக்க வேண்டும்.